பல்லவரும் பயில்வானும்

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் தாம்பரமும் குரோம்பேட்டையும் தாண்டியதும் பல்லாவரத்தைக் கடப்பார்கள். பல்லவபுரம்தான் பேச்சு வழக்கில் பல்லாவரம் ஆனது என்பார்கள். ஊரை ஒட்டிய குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயில் இருக்கிறது. அவனுடைய விருதுப் பெயர்கள் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஊர்ப் பெயருக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. அடுத்த கேள்விதான் சிக்கல்: பல்லவர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் யாரைக் கேட்டாலும் நாலைந்து பதில் வரும். பல்லவர் வாகாடகரின் ஒரு கிளை என்பார் ஜெயஸ்வால். மணிபல்லவத் தீவிலிருந்து பெயர் வந்தது என்பார் யாழ்ப்பாணத்து வரலாற்றாசிரியர் இராசநாயகம். சாதவாகனருக்கு அடங்கியிருந்த தொண்டையரே பல்லவர் என்பார் கிருஷ்ணசாமி ஐயங்கார். இவை எல்லாவற்றையும்விடக் கவர்ச்சியான பதில் ஒன்று உண்டு: பாரசீகத்திலிருந்து வந்த பார்த்தியர்களே பல்லவர்கள். பார்த்தியரை வடமொழி நூல்கள் 'பஹ்லவர்' என்கின்றன. பஹ்லவர், பல்லவர் என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் ஒரு ஹகரம்தான் வித்தியாசம்.

இது வெறும் திண்ணைப் பேச்சாகத் தொடங்கியது அல்ல. மைசூர்க் கல்வெட்டுகளைத் திரட்டிய லூயி ரைஸும், கல்வெட்டறிஞர் வெங்கையாவும் இப்படிக் கருதினார்கள். தொல்லியல் துறையின் 1906–07 ஆண்டறிக்கையில் பல்லவரைப் பற்றி வெங்கையா எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. துணைக்கு ஒரு கல்வெட்டும் இருந்தது. குஜராத்தின் கிர்நாரில் கி.பி. 150-ஐ ஒட்டி ருத்ரதாமன் பொறித்த கல்வெட்டில், சுதர்சன ஏரியின் உடைந்த கரையைச் சீர்செய்த அதிகாரி சுவிசாகன் ஒரு பஹ்லவன் என்று இருக்கிறது. பஹ்லவர் குஜராத் வரை வந்தாயிற்று. இன்னும் கொஞ்சம் தெற்கே நகர்ந்தால் காஞ்சிதானே என்பது வாதம். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் முடிசூட்டுச் சிற்பத்தில் வரும் யானைத் தலை வடிவ மகுடம், இந்தோ–கிரேக்க அரசன் தெமெத்ரியஸின் நாணயத்தில் இருப்பதைப் போன்றது என்றும் சிலர் சேர்த்துக்கொண்டார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சரியா என்று எப்படிச் சோதிப்பது? அந்தச் சோதனை முறைகள்தான் இந்தக் கட்டுரையின் பொருள். அதற்கு முன், இதே கேள்வி இன்னும் பெரிய அளவில் கேட்கப்பட்ட வடநாட்டுக்கு ஒரு முறை போய் வருவோம்.

எட்டுப் பெயர்களின் கதை

பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், மேற்கு உத்தரப் பிரதேசம், சிந்து என்று பரவியிருக்கும் பெரிய உழவர் சமூகம் ஜாட் மக்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ஜேம்ஸ் டாட், ராஜஸ்தானைப் பற்றி 1829-லும் 1832-லும் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். ஜாட்டுகள் யார் என்ற கேள்விக்கு அவர் தந்த பதில் மத்திய ஆசியாவையும் ஐரோப்பாவையும் வளைத்துக்கொண்டது. தன்யூப் ஆற்றங்கரையில் வாழ்ந்ததாகக் கிரேக்கர் எழுதிய கெத்தாய் மக்களும், காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே வாழ்ந்த மஸ்ஸகெத்தாய் மக்களும், டென்மார்க்கின் ஜட்லாந்துக்குப் பெயர் தந்த ஜூட் மக்களும் ஜாட்டுகளின் உறவினர் ஆனார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் முதல் தலைவரான அலெக்சாண்டர் கன்னிங்ஹாம், ஸ்திராபோ குறிப்பிட்ட ஸாந்தி மக்களையும், பிளினியும் தாலமியும் குறிப்பிட்ட இயாத்தி மக்களையும் சேர்த்தார். சீன நூல்களின் யூஏசி, ஐரோப்பாவின் கோத், பழைய மெசொப்பொத்தாமியாவின் குத்தி மக்களையும் பின்னால் வந்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். எண்ணிப் பார்த்தால் எட்டுப் பெயர்கள்.

இவ்வளவு பெயர்கள் பொருந்துவதே வலுவான சான்று என்று தோன்றும். உண்மையில் அது சான்றின் பலவீனத்தைத்தான் காட்டுகிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு மொழியில் மெய்யொலிகள் ஏறத்தாழ 20 என்று வைத்துக்கொள்வோம். 'ஜாட்' என்ற பெயரில் மெய்கள் இரண்டு. முதல் மெய்யாக ஜ, க, ய, ஸ என்ற நான்கில் எது வந்தாலும் பொருத்தம் என்று ஒப்புக்கொண்டால், ஐந்தில் ஒரு பெயர் முதல் கட்டத்தைத் தாண்டிவிடும். இரண்டாம் மெய்யாக ட, த, ச, ந்த எது வந்தாலும் சரி என்றால், அவற்றிலும் ஐந்தில் ஒன்று தாண்டும். உயிரெழுத்தை நாம் பார்க்கவே இல்லை. ஆக, எந்த உறவும் இல்லாமலே 25-க்கு ஒரு பெயர் 'ஜாட்' உடன் பொருந்தும். பழைய கிரேக்க, பாரசீக, சீன நூல்களிலிருந்து 200 இனப் பெயர்களைத் திரட்டினால் சுமார் எட்டுப் பெயர்கள் தாமாகவே கிடைக்கும். தேடுகிறவர் விதியைத் தளர்த்தத் தளர்த்த, உறவினர் பெருகிக்கொண்டே போவார்கள்.

இதை மொழியியலார் தற்செயல் ஒப்புமை என்பார்கள். இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் பேசப்பட்ட ம்பபரம் என்ற பழங்குடி மொழி. மொழியியலாளர் டிக்சன் அதை ஆராய்ந்தபோது, நாய்க்கு அந்த மொழியில் என்ன சொல் என்று கேட்டார். வந்த பதில் 'டாக்'. ஆங்கிலத்திலும் அதே சொல், அதே பொருள். ஆனால் அது ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கியது அல்ல. அக்கம்பக்கத்து மொழிகளில் நாய்க்கு 'குடக' என்ற சொல் இருக்கிறது. அது ம்பபரம் மொழிக்கே உரிய ஒலி மாற்றங்களால் முன்னும் பின்னும் தேய்ந்து அந்த வடிவத்தை அடைந்தது. பொருளும் ஒலியும் முழுதாகப் பொருந்திய ஒரு சொல்லே தற்செயலாக இருக்க முடியும் என்றால், பொருளே தெரியாத ஒரு பழைய இனப் பெயரை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்?

எழுத்தா, ஒலியா?

இன்னொரு வலையும் உண்டு. நாம் ஒப்பிடுவது ஒலியையா, அதை எழுதிய எழுத்தையா? கூடுவாஞ்சேரி ரயில் நிலையப் பலகையைப் பாருங்கள். தமிழில் 'கூ' என்று தொடங்கும் பெயர் ஆங்கிலத்தில் 'ஜி' எழுத்தில் தொடங்குகிறது. ஊருக்கு வந்து காது கொடுத்துக் கேட்காமல், அந்த எழுத்துகளை மட்டும் பார்த்து ஒரு வெளிநாட்டு அறிஞர் 'ஜூடுவாஞ்சேரி' என்று படித்து, அதை யூதர்களோடு தொடர்புபடுத்தினால் எப்படி இருக்கும்? ஜாட்–கெத்தாய் ஒப்புமையில் நடந்தது ஏறத்தாழ இதுதான். கிரேக்கத்தில் அந்தப் பெயரின் முதல் எழுத்து காமா; ஒலி 'கங்கை'யின் முதல் ஒலி. அதை லத்தீன் எழுத்தில் எழுதி, ஆங்கிலேயர் தம் வழக்கப்படி 'ஜெட்டீ' என்று வாசித்தபோதுதான் அது ஜாட்டுக்கு நெருங்கி வந்தது. ஜூட் மக்களின் பெயரும் அப்படியே. அவர்கள் ஊர்ப் பக்கத்தில் அதன் முதல் ஒலி யகரம். ஒற்றுமையில் பாதி, அச்சிட்ட ஆங்கிலப் பக்கத்தில் மட்டுமே இருந்தது.

ஆகவே முதல் விதி: ஒப்பிடுவதற்கு முன், அந்தப் பெயரை அதன் சொந்தக்காரர்களோ அண்டை வீட்டார்களோ அந்தக் காலத்தில் எப்படி உச்சரித்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்குக் கல்வெட்டும் பட்டயமும் நாணயமும் வேண்டும். இன்றைய வடிவம் மட்டும் போதாது.

வேற்றுமையில் இருக்கிறது உறவு

அப்படியானால் இரண்டு சொற்கள் உண்மையிலேயே உறவு என்று எப்படித்தான் அறிவது? விடை சற்று வியப்பானது: ஒற்றுமையைத் தேடக் கூடாது, ஒழுங்கான வேற்றுமையைத் தேட வேண்டும்.

தெருவில் சீட்டு நடத்தும் ஒரு அம்மாவின் நோட்டையும், சீட்டுக் கட்டும் ஒருவரின் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 2,000 என்றும் மற்றதில் 2,000 என்றும் ஒரே ஒரு வரி பொருந்தினால் அது ஒன்றையும் நிரூபிக்காது. ஊரில் எத்தனையோ பேர் 2,000 கட்டுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு மாதமும் கட்டியவர் நோட்டில் 2,050, சீட்டு அம்மா நோட்டில் 2,000 என்று இருந்தால்? தொகைகள் ஒரு மாதம்கூட ஒன்றாக இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே கணக்கு என்பது உறுதி. வசூலுக்கு வரும் பையன் மாதம் தவறாமல் 50 ரூபாய் எடுத்துக்கொள்கிறான். மாறாமல் வரும் அந்த 50 ரூபாய் வித்தியாசம்தான் சான்று.

மொழிகளிலும் அந்த 50 ரூபாய் உண்டு. பெங்களூரில் சொந்தக்காரர் இருந்தால் நீங்களே கேட்டிருப்பீர்கள். நம் பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பாம்பு ஹாவு, பூ ஹூவு, பள்ளி ஹள்ளி. தமிழில் சொல்லின் முதலில் பகரம் இருக்கும் இடத்தில் இன்றைய கன்னடத்தில் ஹகரம். ஒன்றிரண்டு சொற்களில் அல்ல, நூற்றுக்கணக்கான சொற்களில். இதற்கு ஒலிவிதி என்று பெயர்; அந்த விதிக்கு உட்பட்டு ஒரே மூலத்திலிருந்து பிறந்த சொற்கள் இனச்சொற்கள். இந்த விதியைப் பரிசோதிக்கவும் முடியும். கன்னடத்தில் ஒரு காலத்தில் பகரம் இருந்து பிறகு ஹகரம் ஆகியிருந்தால், பழைய கன்னடக் கல்வெட்டுகளில் பகரமே இருக்க வேண்டும். இருக்கிறது.

சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்று 1816-லேயே இந்த வழியில்தான் எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856-இல் அதைப் பெரிய ஒப்பிலக்கணமாக விரித்தார். பலுசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயி மொழியும் இந்தக் குடும்பம் என்று சொல்ல முடிவதும் இதே முறையால்தான்: கண் அங்கே 'ஃகன்', கல் அங்கே 'ஃகல்'. தமிழின் ககரம் பல சொற்களில் அங்கே தொண்டையை உரசும் ஒலியாக ஒழுங்காக மாறி நிற்கிறது.

பஹ்லவரைச் சோதனையில் நிறுத்தினால்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பார்த்தியா நாட்டின் பழைய பெயர் 'பார்த்தவ'. பேரரசன் தாரயவௌஷின் பெஹிஸ்தூன் பாறைக் கல்வெட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. பிற்காலப் பாரசீகத்தில் அது 'பஹ்லவ்' ஆயிற்று. கேட்டால் பொருந்தாதது போலத் தோன்றும் இந்த மாற்றம் ஒலிவிதிக்கு உட்பட்டது. பழைய ஈரானிய மொழிகளில் ரகரமும் தகரமும் சேர்ந்து வந்த இடத்தில் பிற்காலத்தில் 'ஹ்ல்' வருகிறது. பாலத்தைக் குறிக்கும் பழைய சொல் 'பெரது' இப்படித்தான் 'புஹ்ல்' ஆகி, இன்றைய பாரசீகத்தில் 'புல்' ஆகியிருக்கிறது. எனவே பார்த்தவ, பஹ்லவ் இரண்டும் ஒரே பெயர் என்பதில் ஐயம் இல்லை.

அடுத்த படி பஹ்லவ என்பதிலிருந்து பல்லவ. பல்லவரின் முதல் பட்டயங்கள் பிராகிருதத்தில் இருக்கின்றன. ஆகவே பிராகிருதம் 'ஹ்ல்' என்ற கூட்டொலியை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அதற்கும் விதி உண்டு. ஹகரமும் லகரமும் இடம் மாறும். 'ஹ்ல்' என்பது 'ல்ஹ்' ஆகும். பிரஹ்லாதனின் பெயர் பிராகிருதத்தில் 'பல்ஹா' என்று தொடங்கும். பிராகிருத இலக்கணம் எழுதிய ஹேமசந்திரர் இதைத் தனிச் சூத்திரமாகவே சொல்கிறார். விதிப்படி பஹ்லவர் 'பல்ஹவர்' ஆக வேண்டும்.

ஆகியும் இருக்கிறார்கள். நாசிக் குகையில் சாதவாகன அரசன் புளுமாவியின் 19-ஆம் ஆட்சியாண்டில் அவனுடைய பாட்டி கௌதமி பாலஸ்ரீ வெட்டுவித்த கல்வெட்டு உண்டு. தன் மகன் கௌதமிபுத்திர சாதகர்ணி சகர், யவனர், பஹ்லவர் ஆகியோரை அழித்தவன் என்று அந்தத் தாய் பெருமைப்படுகிறாள். அங்கே எழுதப்பட்டிருக்கும் வடிவம் 'பல்ஹவ'. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தக்காணத்து மக்கள் பார்த்தியரை எப்படி அழைத்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

இனி, பல்லவர் தம்மை எப்படி எழுதிக்கொண்டார்கள்? காஞ்சியிலிருந்து சிவஸ்கந்தவர்மன் வெளியிட்ட மயிதவோலு, ஹிரஹடகள்ளிச் செப்பேடுகள் பிராகிருதத்தில் உள்ளவை. பொதுவாக 4-ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படுபவை. அவற்றில் குலப் பெயரில் ஹகரத்தின் சுவடே இல்லை. ஹகரம் இடையில் உதிர்ந்திருக்கலாமே என்று கேட்கலாம். கேட்கலாம்தான், ஆனால் அப்படிச் சொல்பவர், அதே மொழியில் வேறு சொற்களிலும் ஹகரம் அப்படி உதிர்ந்ததைக் காட்ட வேண்டும். ஒரு பெயருக்காக மட்டும் ஒரு விதியை உண்டாக்குவது விதி ஆகாது. இன்னொரு சாட்சியும் எதிராக நிற்கிறது. 10-ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த ராஜசேகரர் நாடுகளைப் பட்டியலிடும்போது, பல்லவரைத் தென்னாட்டிலும் பஹ்லவரைச் சிந்துவுக்கு அப்பால் வடபுலத்திலும் தனித்தனியே வைக்கிறார்.

பார்த்தவனின் உண்மையான வாரிசு

பார்த்தவ என்ற பெயர் அப்படியானால் தமிழுக்கு வரவே இல்லையா? வந்திருக்கிறது, யாரும் எதிர்பாராத உருவத்தில். பஹ்லவ் என்பதோடு விகுதி சேர்ந்தது 'பஹ்லவான்'. முதலில் பார்த்தியன் என்று பொருள், பின்பு பார்த்தியரின் போர்ப் புகழால் வீரன் என்று பொருள், பின்பு மல்லன். பிர்தௌசியின் ஷாநாமா காவியத்தில் ருஸ்தம் ஒரு பஹ்லவான். அந்தச் சொல் உருது, தக்கனி வழியாகத் தென்னாட்டுக்கு வந்து 'பயில்வான்' ஆனது. நடுவில் இருந்த ஹகரம் யகரமானது. 'ஸாஹிப்' நம்மிடம் 'சாயபு' ஆனது போல. உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குபவரை நாம் பயில்வான் என்னும்போது, பயில்தல் என்ற தமிழ்ச் சொல்லோடு அதைச் சேர்த்தே மனம் கேட்கிறது. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும் இந்த வழக்கத்துக்கு நாட்டார் சொற்பிறப்பு என்று பெயர்.

ஆக, பார்த்தவ என்ற பெயருடன் அதிகம் ஒத்து ஒலிக்கும் பல்லவருக்கு உறவு நிரூபணம் ஆகவில்லை. வெளித்தோற்றத்தில் விலகி நிற்கும் பயில்வானுக்கு ஒவ்வொரு படியும் நிரூபணம் ஆகியிருக்கிறது. காதுக்கு இனிய ஒற்றுமையை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

விதிக்குப் பொருந்தினால் மட்டும் போதுமா?

போதாது. ஜாட் என்ற பெயருக்கே இன்னொரு விளக்கம் உண்டு. மகாபாரதத்தின் கர்ண பர்வம் பஞ்சாப் பகுதியில் ஜர்த்திகர் என்ற மக்களைக் குறிப்பிடுகிறது. வடமொழியின் 'ர்த்' பிராகிருதத்தில் பல சொற்களில் 'ட்ட்' ஆகும். எனவே ஜர்த்த என்பது ஜட்ட ஆவது ஒலிவிதிக்குப் பொருந்தும், இடமும் பொருந்துகிறது. கெத்தாயைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் 'இருக்கலாம்' என்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஒலி வழி திறந்திருக்கிறது என்பதும், அந்த வழியாக யாரோ நடந்தார்கள் என்பதும் வேறு வேறு. நடந்ததற்குச் சுவடு வேண்டும்.

இடம்பெயர்ந்த மக்கள் விட்டுச் செல்லும் சுவடுகளில் சிறந்தது கடன்சொல். அரபு நூல்கள் ஜாட்டுகளை 'ஸுத்' என்று அழைத்தன. சிந்துவிலிருந்து ஈராக் சதுப்பு நிலத்துக்குப் போய்க் குடியேறியிருந்த ஸுத் மக்கள் கலகம் செய்ததையும், 834-ஐ ஒட்டி அது அடக்கப்பட்டு அவர்கள் பைசாந்திய எல்லைக்கு அனுப்பப்பட்டதையும் அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இதை வைத்து, ஐரோப்பாவின் ரோமா நாடோடிகள் இந்த ஸுத் மக்களின் வழிவந்தவர்களே என்று டச்சு அறிஞர் தெ கூயே வாதாடினார். ரோமா மக்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பது உண்மை. அவர்கள் மொழியில் ஒன்று முதல் ஆறு வரை எண்கள் இந்தியச் சாயலில்தான் இருக்கின்றன. ஆனால் ஏழு, எட்டு, ஒன்பது கிரேக்கச் சொற்கள்: எஃப்தா, ஒக்தோ, எனியா. மொழிக்குள் பாரசீகச் சொற்களும் ஆர்மீனியச் சொற்களும் ஏராளமான கிரேக்கச் சொற்களும் இருக்க, நேராக அரபியிலிருந்து வந்த சொல் ஏறக்குறைய இல்லை. தலைமுறை தலைமுறையாக அரபு நாட்டில் வாழ்ந்தவர்கள் அரபுச் சொல் எடுக்காமல் போயிருக்க முடியாது. பாரசீகம், ஆர்மீனியா, கிரேக்கம் பேசிய அனத்தோலியா என்று அவர்கள் நடந்த பாதை சொற்களிலேயே பதிந்திருக்கிறது. அது ஸுத் மக்களின் பாதை அல்ல.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. மதுரை, பரமக்குடி, கும்பகோணம், சேலத்தில் வாழும் சௌராஷ்டிரர் வீட்டில் பேசும் மொழி குஜராத்தி, மராத்திக்கு உறவான மொழி. அதன் மேல் தெலுங்கு, கன்னடச் சொற்களின் படிவம், அதற்கும் மேல் தமிழ்ப் படிவம். குஜராத்திலிருந்து தக்காணம், விஜயநகரம், மதுரை என்ற அவர்களுடைய வழித்தடத்தைப் படிவம் படிவமாகப் பிரித்துப் படிக்கலாம்.

இந்த அளவுகோலைப் பல்லவருக்கு வைப்போம். அவர்கள் ஈரானிலிருந்து வந்திருந்தால் ஆட்பெயரிலோ பதவிப் பெயரிலோ வழிபாட்டிலோ ஒரு ஈரானியச் சுவடாவது எஞ்சியிருக்க வேண்டும். சிவஸ்கந்தவர்மன், சிம்மவர்மன், விஷ்ணுகோபன் என்ற பெயர்கள், பாரத்துவாச கோத்திரம், அசுவமேதம் செய்ததாகப் பெருமை, சாதவாகன நாட்டு நிர்வாகச் சொற்கள், முதலில் பிராகிருதம், பிறகு வடமொழி, 6-ஆம் நூற்றாண்டின் பள்ளன்கோயில் செப்பேட்டில் தமிழ். இந்த வரிசை காட்டும் பாதை கிருஷ்ணா நதிப் பக்கத்துக்கும் காஞ்சிக்கும் இடையிலானது. கிர்நார்க் கல்வெட்டின் சுவிசாகன் குஜராத்தில் ஒரு பஹ்லவன் இருந்தான் என்று சொல்கிறான். அதற்கு மேல் தெற்கே அவனை நடத்திச் செல்ல ஒரு கல்வெட்டும் இல்லை.

உண்மையான பாரசீகர் வந்தால் சுவடு எப்படி இருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பல்லாவரத்துக்கு அடுத்து திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பிறகு பரங்கிமலை. மலை மேலுள்ள தேவாலயத்தில் 1547-இல் போர்த்துகீசியர் அடித்தளம் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை இருக்கிறது. அதைச் சுற்றி ஓடும் எழுத்து பஹ்லவி. பார்த்தவ என்ற அதே பெயரிலிருந்து பெயர் பெற்ற எழுத்து. கண்டெடுத்த காலத்தில் யாரோ ஒருவர் அதைப் படிப்பதாகச் சொல்லி, தோமா முனிவரைப் பற்றி நீளமான கதை ஒன்று சொன்னார், போர்த்துகீசியர் நம்பினார்கள். 1873-இல் பர்னெல் அது பஹ்லவி என்று எடுத்துக்காட்டிய பிறகே உண்மை வெளிப்பட்டது: பாரசீகக் கிறித்தவர்கள் பொறித்த ஒரு சிறிய வேண்டுதல். 7 முதல் 9-ஆம் நூற்றாண்டுக்குள் இருக்கலாம் என்பது பலரின் மதிப்பீடு. அதாவது பல்லவர் ஆண்ட காலம். பாரசீகர் வந்தார்கள், தங்கள் எழுத்தில் எழுதினார்கள், எழுதியது மலை மேல் நிற்கிறது. பல்லவர் விட்டுச் சென்ற அத்தனை கல்லிலும் செம்பிலும் அப்படி ஒரு எழுத்துகூட இல்லை.

மரபணு தீர்த்துவைக்காதா?

இன்று பலரும் கேட்பது இது. மரபணு நிறையச் சொல்கிறது. பெயரை மட்டும் சொல்வதில்லை. ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2009-இல் 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுவை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ எல்லா இந்தியரும் இரண்டு பழைய மக்கள்தொகைகளின் கலப்பு என்றும், கலப்பின் விகிதம்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது என்றும் தெரிந்தது. 2013-இல் அந்தக் கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்று கணக்கிட்டார்கள். மத்திய ஆசியப் புல்வெளி மக்களின் மரபுக்கூறு கி.மு. 2000-ஐ அடுத்த சில நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்தது என்று 2019-இல் பழைய எலும்புகளை வைத்துக் காட்டினார்கள்.

வடமேற்கு இந்தியச் சமூகங்களில் அந்தக் கூறு கூடுதலாக இருக்கிறது, ஜாட்டுகளிடமும். உடனே சிலர் சகர், கெத்தாய் என்று பழைய பெயர்களை அதன் மேல் ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் சகர்கள் இந்தியாவுக்கு வந்தது கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக்குப் பின். அந்தக் கூறின் பெரும்பகுதி அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இங்கு வந்து கலந்துவிட்டது. மரபணுவில் இனப் பெயர் எழுதியிருப்பதில்லை.

பெயர், மொழி, குருதி மூன்றும் தனித்தனியே பயணம் செய்கின்றன. பிராகுயி மக்கள் பேசுவது திராவிட மொழி. மரபணுவிலோ அண்டை வீட்டு பலூச்சிகளுக்கே நெருக்கம். தோமா என்ற அரமேயப் பெயர் தமிழ்க் குடும்பங்களில் வழங்குகிறது. அதனால் அவர்கள் சிரியாவிலிருந்து வந்தவர்கள் ஆகிவிடுவதில்லை. அரச குலப் பெயர் பட்டமாக இருக்கலாம், வேறொரு பெயரின் மொழிபெயர்ப்பாக இருக்கலாம், கேட்க மிடுக்காக இருக்கிறது என்று சூட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம்.

ஜாட்டுகளின் உறுதியான வரலாறு தன்யூப் கரையில் தொடங்கவில்லை என்றாலும் சுவாரசியத்துக்குக் குறைவில்லை. சிந்துவில் கால்நடை மேய்த்தவர்களாக 8-ஆம் நூற்றாண்டைப் பற்றிய நூல்களில் தோன்றுகிறார்கள். 11-ஆம் நூற்றாண்டில் அல்பீரூனி அவர்களை மாடு வளர்ப்போர் என்கிறார். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்பரின் நிர்வாக ஏடான அயினி அக்பரியில் பஞ்சாபிலும் யமுனைக் கரையிலும் நிலக்கிழார்கள். இடையில் நடந்ததை வரலாற்றாசிரியர் இர்ஃபான் ஹபீப் விளக்கினார்: மேய்ச்சல் மக்கள் வடக்கே நகர்ந்து, மாடு பூட்டி இறைக்கும் பல்சக்கர ஏற்றம் பரவிய காலத்தில் உழவர்களாக மாறினார்கள். சில நூறு மைல் பயணம்தான். ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஏடு இருக்கிறது.

இந்த முறையை நீங்களே பழகிப் பார்க்க கூடுவாஞ்சேரியிலேயே ஒரு பெயர் இருக்கிறது: நந்திவரம். நந்தி வரம் பெற்ற ஊர் என்று பிரிக்கலாம். நந்திவர்மன் பெயர் என்று சொல்லலாம். பல்லவபுரம் பல்லாவரம் ஆனது போல நந்திபுரம் நந்திவரம் ஆனது என்றும் வாதாடலாம். மூன்றும் காதுக்குப் பொருந்துகின்றன. அதனாலேயே காது இங்கே நீதிபதி ஆக முடியாது. பக்கத்து ஊர்ப் பெயர்களில் புரம் என்பது வரமாக எத்தனை இடத்தில் மாறியிருக்கிறது, வர்மன் என்பது எங்காவது வரமாகத் தேய்ந்திருக்கிறதா, இந்த ஊர்ப் பெயர் பழைய கல்வெட்டிலும் நிலப் பதிவிலும் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று வரிசையாகத் தேட வேண்டும். ஆயிரம் ஆண்டுப் பழமையான ஒரு கல்லில் 'புரம்' என்று தெளிவாக இருந்தால், மற்ற இரண்டு விளக்கங்களும் அன்றோடு முடிந்தன. எந்தச் சான்று கிடைத்தால் கைவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்த விளக்கமே ஆராய்ச்சி. எது கிடைத்தாலும் தனக்குச் சாதகமாக வளைத்துக்கொள்ளும் விளக்கத்தைக் கேட்டு ரசிக்கலாம், வரலாறாக எழுதிக்கொள்ள முடியாது.